கேரட்டைத் துப்பியது ஒவ்வாமையாலா?

கேரட்டைக் கடித்தபடியே பேசும் பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலுக்குக் குரல் கொடுத்த அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் மெல் பிளாங்குக்குக் கேரட் ஒவ்வாமை இருந்தது, அதனால்தான் ஒலிப்பதிவில் மென்று துப்பினார் என்றொரு செய்தி சுற்றுகிறது. துப்பியது நிஜம், காரணம்தான் தப்பு. ஒவ்வாமை இல்லை என்று அவரே மறுத்திருக்கிறார். கடிக்கிற சத்தம் 'நறுக்'கென்று பதிவாக வேண்டும், அடுத்த நொடியே வசனம் பேச வேண்டும். மென்று விழுங்க ஏது நேரம்? துப்பிவிட்டுப் பேசுவார், அவ்வளவுதான். வேறு காய்களையும் கடித்துப் பார்த்தார்கள். எதிலும் அந்தச் சத்தம் வரவில்லை. சரி, ஒவ்வாமைக்கு அசருகிற ஆளா அவர்? 1961 கார் விபத்துக்குப் பின், உடம்பெல்லாம் மாவுக்கட்டோடு படுத்தபடியே 'பிளிண்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூன் தொடரின் பார்னி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர்.