கெடு முடிந்தாலும் வழி உண்டு

அமெரிக்க ராணுவத்தில் 'மரியாதைக்குரியது அல்லாத' விடுவிப்பு (நடத்தை சரியில்லை என்ற குறிப்போடு பணியிலிருந்து அனுப்பப்படுவது) பெற்றவர்கள் அதை மாற்றக் கேட்கலாம் என்று, இது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரி. ஆனால் 15 வருடம் கடந்தால் கதை முடிந்தது என்பது போல எழுதியிருப்பது பாதி உண்மைதான். அந்தக் கெடு விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு (படிவம் 293) மட்டும். அதற்கப்புறம் ராணுவப் பதிவேடு திருத்த வாரியம் இருக்கிறது, படிவம் 149. அங்கே 3 வருடக் கெடு என்றாலும், நியாயம் கருதி அதைத் தளர்த்தலாம். பொது ராணுவ நீதிமன்றம் தண்டித்து வெளியேற்றியவர்களும் இங்கேதான் போக வேண்டும்.

விடுவிப்பின் தன்மை ஆறு மாதத்தில் தானாகவே மாறிவிடும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். சுத்தப் பொய். மனு போடாமல் எதுவும் நகராது.

இன்னொன்று, 2014-இல் அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஹேகல், 2017-இல் பாதுகாப்புத் துறை உயர் அதிகாரி கர்ட்டா வெளியிட்ட சுற்றறிக்கைகளைக் கட்டுரை தொடவே இல்லை. போர் அதிர்ச்சி மனநோய், தலைக்காயம், பாலியல் வன்முறை காரணமாக நடத்தை கெட்டவர்களின் மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்கச் சொன்னவை அவை. பழைய மருத்துவக் குறிப்பு இல்லாவிட்டால் மனைவியோ கூட இருந்த வீரரோ எழுதும் கடிதம்கூடச் சான்றாகும்.

டிடி-214 என்ற விடுவிப்புச் சான்றுத் தாளில் 24-ஆம் கட்டத்தில் விடுவிப்பின் தன்மை, 28-இல் காரணம். மனு போடுகிறவர் இரண்டையும் மாற்றக் கேட்க வேண்டும். தன்மை மாறி, காரணம் அப்படியே நின்றால், வேலைக்கு எடுப்பவன் கண் நேராக அந்தக் காரணத்துக்குத்தான் போகும்.