சுருட்டை விரியன் கடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்

போன ஆவணியில் எங்கள் சித்தப்பாவைச் சுருட்டை விரியன் கடித்தது. திசையன்விளைப் பக்கம், தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டின ஊர் எங்களுடையது. உடைமர விறகு அள்ளப் போனவர் கட்டைக்கு அடியில் கையை விட்டிருக்கிறார், விரலில் சுருக்கென்று இருந்திருக்கிறது. ஒரு முழம்கூட இல்லாத பாம்பு. "சின்ன உருப்படிதானலே" என்று துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு விறகையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு டிடி ஊசியும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் காலை பல் விளக்கும்போது ஈறிலிருந்து ரத்தம், கொப்பளிக்கக் கொப்பளிக்க நிற்கவில்லை. அப்புறம்தான் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே நர்ஸ் அக்கா கொஞ்சம் ரத்தத்தை எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, யாரும் தொடக்கூடாது என்று மேசையில் நிறுத்தி வைத்தார். சரியாக 20 நிமிடம் கழித்துச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. சித்தி அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த விஷம் வேலை செய்கிற விதம் அப்படி. உடம்புக்குள் ரத்தத்தை உறைய வைக்கிற பொருளையெல்லாம் கண்டபடி தூண்டிவிட்டுத் தீர்த்துவிடும், அப்புறம் எங்கே கசிந்தாலும் அடைக்க ஆள் இல்லை. ஈறில் வரலாம், சிறுநீரில் வரலாம், மூளைக்குள்ளேயே கசியலாம். நல்ல பாம்பு கடித்தால் கண் சொருகும், மூச்சு திணறும், ஊரே கூடி வண்டி பிடிக்கும். சுருட்டை கடித்தவரோ டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒரு நாள் கழித்துக்கூட ஆபத்து வரும். இதனால்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள்.

பாம்பைத் திட்ட எனக்கு மனசில்லை. வறண்ட காட்டில் தேளையும் பூரானையும் தின்று கிடக்கிற ஜீவன், முட்டை இடாமல் குட்டி போடும். கிட்டே போனால் உடம்பை எட்டுப் போல வளைத்து, ரம்பப் பல் மாதிரி இருக்கிற செதில்களை ஒன்றோடொன்று உரசும். காய்ந்த ஓலையைத் தேய்ப்பதுபோல் சரசரவென்று கேட்கும். தள்ளிப் போ என்று அது சொல்லிவிடுகிறது. கட்டைக்கு அடியில் கையை விட்டால் அதுதான் என்ன செய்யும்? ஒரு கம்பால் புரட்டிவிட்டு எடுங்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

மருந்து விஷயத்திலும் ஒரு சங்கடம் உண்டு. நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிற, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினர் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்த மக்கள் உயிரைப் பணயம் வைத்து எடுக்கிற விஷம் அது, நமக்கெல்லாம் அவர்கள்மேல் கடன் இருக்கிறது. ஆனால் ராஜஸ்தான் பாலைவனச் சுருட்டை நம்முடையதைவிடப் பெரியது, விஷமும் வேறு மாதிரி, இங்கத்திய விஷத்தில் செய்த மருந்து அங்கே சரியாகப் பிடிப்பதில்லை. அந்தந்த வட்டாரத்துப் பாம்பின் விஷத்திலும் மருந்து செய்யவேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமாகச் சொல்கிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இதற்கு மேலும் எதற்குக் காத்திருக்கிறோம்?

பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது, நல்ல காரியம். ஆனால் எங்கள் சித்தப்பாவை முதலில் பார்த்தவர்கள் அந்தக் கண்ணாடிக் குழாய் சோதனையைச் செய்திருந்தால் ஒரு ராத்திரி வீணாகியிருக்காது. அதற்கு மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இந்தத் தடவை குழாயைச் சாய்த்தபோது அசையவில்லை. சித்தி அதை வாங்கி இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்துக்கொண்டார்.