கியூட்டெக்ஸுக்குக் கணக்குக் கேட்கிறவர்கள்

எங்கள் தொடர்மாடியில் இரண்டு மூன்று வீடுகளுக்குத் துப்புரவு வேலைக்கு வருகிற அக்கா ஒருவர் இருக்கிறார். காலில் எப்போதும் கியூட்டெக்ஸ் போட்டிருப்பார். கைவிரலுக்குப் போடமாட்டார், சவர்க்காரத் தண்ணியில் அது தங்காது. கால்விரல்களுக்கு மட்டும், நல்ல கடுஞ்சிவப்பு. ஓரம் வழியாமல், நகத்தின் அடிவரை ஒரே சீராக, ஆறுதலாக இருந்து பூசின பூச்சு. போன கிழமை லிப்ட்டுக்குள் வைத்து ஓர் அன்ரி என் காதுக்குள் சொன்னா: "பாத்தனீரே பிள்ளை, வீடு துடைக்கிறவவுக்குக் கியூட்டெக்ஸ் ஒரு கேடு. உதுக்குத்தான் சம்பளம் கூட்டித் தாங்கோ எண்டு நிக்கினம்."

அந்த அன்ரி வீட்டில் அண்மையில் ஒரு கல்யாணம் நடந்தது. மணவறைப் பூவுக்கு மட்டும் எத்தனை இலட்சம் போனது என்பது எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவவே மாடி மாடியாகச் சொன்னவ. அந்தப் பூ அடுத்த நாள் விடியக் குப்பை லொறியில் போயிருக்கும். அதை ஒருவரும் கேடு என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வடிவாகத்தான் இருந்தது, முன்னால் நின்று படமும் எடுத்தேன்.

எனக்கு விளங்காதது இதுதான். ஊர் பார்க்கச் செலவழிக்கிற இலட்சங்களுக்கு எங்கட ஆக்கள் கணக்குக் கேட்பதில்லை. மண்டபம், ட்ரோன் வீடியோ, ஐந்தடுக்குக் கேக், வாசலில் நிற்கிற ஆளுயரப் படம் எல்லாம் "செய்யத்தானே வேணும்" என்பதோடு முடிந்துவிடும். தனக்கென்று, தன்பாட்டில், ஒரு மனுசி முந்நூறு ரூபா செலவழித்தால்தான் சுற்றியிருக்கிற சனம் முழுக்க ஓடிட்டராகிவிடும். அந்த மனுசி கையில் காசில்லாதவள் என்றால் கேட்கவே வேண்டாம். நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவள், உண்மையான ஓடிட்டர்மாரை வருடாவருடம் பார்க்கிறேன். அவர்கள்கூட இவ்வளவு குடைவதில்லை.

சின்னச் செலவைப் பிடித்துக்கொண்டு பெரிய நியாயத்தை மறுக்கிற இந்தப் பழக்கம் லிப்ட்டோடு நிற்பதுமில்லை. அந்த அக்காவின் தாய் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். தோட்டத் தொழிலாளிக்கு நாளுக்கு 1000 ரூபா என்ற கோரிக்கை வருடக்கணக்காக இழுபட்டு, 2021இல்தான் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானிக்கு வந்தது. அது இழுபட்ட காலமெல்லாம் கொழும்பில் எத்தனை படித்த வாய்களில் கேட்டிருப்பேன்: "கூட்டிக் குடுத்தா குடிச்சு முடிப்பினம்." "எல்லாற்ற கையிலயும் போன் இருக்கே, பேந்தென்ன?" 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனபோதும் அதே கதைதான். ஏழையின் கையில் இருக்கிற ஒரு போன், ஒரு பூச்சு, ஒரு சிகரெட், இவைதான் அவருக்குக் கூலி போதும் என்பதற்குச் சாட்சி. சொல்கிறவரின் கையில் இருக்கிற போன் எதற்கும் சாட்சியில்லை.

அக்காவிடம் நான் கேட்டேன், குற்றம் பிடிக்க இல்லை, நிறம் எனக்குப் பிடித்திருந்தது. "எங்க வாங்கினீங்க?"

"பெட்டாவுலதான் மிஸ். ஞாயித்துக்கெழம ராவு, புள்ளைங்க தூங்குன பெறகு போடுவேன். காயிற வரைக்கும் எந்திரிக்க முடியாதுல்ல. அவரு தேத்தண்ணி கேட்டாக்கூட, கால் காயல, நீங்களே ஊத்திக்கங்கனு சொல்லிருவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். போத்தலின் விலை எனக்குத் தெரியும். அந்தக் காசுக்கு, ஒருவரும் ஏன் என்று கேட்க முடியாத கால்மணி நேரம் வேறெங்கே கிடைக்கும்? எனக்குத் தெரியவில்லை.

சேமிப்பு உபதேசக்காரர்கள் இந்த இடத்தில் வருவார்கள். தேத்தண்ணிக் கடைக்குப் போகிற காசைச் சேர்த்தால் வீடு வாங்கலாம் என்று ரீல்ஸ் போடுகிற தம்பிமார். சரி, நானே போட்டுப் பார்க்கிறேன், என் தொழில்தானே. நாளுக்கு 100 ரூபா, வருடத்துக்கு 36,500. முப்பது வருடம் வாயைக் கட்டினால் 10 இலட்சத்து 95 ஆயிரம். வட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. வெள்ளவத்தையில் அந்தக் காசுக்கு வீட்டை விடுங்கள், கார் நிப்பாட்டுகிற இடமாவது தருவார்களா? கொழும்பில் சம்பளக்காரருக்கு வீடு எட்டாமல் போனது பிளேன்டீ குடித்ததால் இல்லை.

வட்டி என்றதும் இலங்கையில் பொருளாதாரம் விழுந்த 2022 ஞாபகம் வருகிறது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். ஓய்வூதியக் காசை வங்கியில் போட்டுவிட்டு, வாய்க்கு ருசியாக ஒன்றும் வாங்காமல் இருந்தவர்கள் பத்திரமாக வைத்தே அந்தக் காசின் பெறுமதியில் பெரும்பங்கை இழந்தார்கள். சேமிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் ஒரு சீட்டு ஓடுகிறது. ஆனால் "இப்ப வேண்டாம், பிறகு" என்று தள்ளி வைத்தவர்களுக்கு அந்தப் பிறகு எப்படி வந்தது என்பதை நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். மார்ச்சில் 400 கிராம் பால்மா பைக்கற் 790 ரூபாவுக்கு ஏற, கன்டீன்காரர் சங்கம் ஒரு கப் பால் தேத்தண்ணி 100 ரூபா என்று அறிவித்தது. வேலைக்குப் போகிற சனத்துக்குக் காலைமைச் சாப்பாட்டின் பாதியாக இருந்த ஒரு சாமான் ஒரே கிழமையில் பணக்காரத்தனமாக மாறிவிட்டது. எங்கள் கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் பால் தேத்தண்ணி இல்லை என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எது அத்தியாவசியம், எது ஆடம்பரம் என்று உறுதியாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அதே வருடம் ஓகஸ்ட்டில் அரசாங்கம் 300க்கு மேற்பட்ட சாமான்களின் இறக்குமதியை நிறுத்தியது. சொக்லேட், சென்ற், ஷம்பு எல்லாம் அந்தப் பட்டியலில். டொலர் இல்லாத நாடு, வேறு வழியில்லை என்பது விளங்குகிறது. அந்தச் செய்தியை வாசித்துவிட்டு எங்கள் மாமி விழுந்து விழுந்து சிரித்தா. "பாத்தனியே, நான் வச்சிருந்தது நல்லதாப் போச்சு."

மாமியின் அலுமாரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கனடாவிலும் லண்டனிலுமிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து குடுக்கிற சோப் எல்லாம் அங்கேதான், சாறி மடிப்புகளுக்கிடையில். ஒருமுறை காஞ்சிபுரச் சாறியொன்றை எடுத்துத் தரச் சொன்னா. இழுக்க, மடிப்புக்குள்ளிருந்து ஒரு சோப் கட்டிலில் விழுந்தது. சுற்றியிருந்த தாள் எண்ணெய் பிடித்து மஞ்சளாகிப் போயிருந்தது. பிரித்துப் பார்த்தால் சோப்பு காய்ந்து குறுக்கே வெடித்திருந்தது. மேலே பொறித்திருந்த பெயர் மட்டும் ஒரு எழுத்துத் தேயாமல் அப்படியே. வாசம் முழுக்கச் சாறிக்குப் போய்விட்டது.

"ஏன் மாமி, போட்டுக் குளிச்சிருக்கலாமே?"

"போட்டா முடிஞ்சிடுமே பிள்ளை."

மாமி 1995இல் சண்டையால் சனம் இடம்பெயரும்வரைக்கும் யாழ்ப்பாணத்தில் இருந்தவ. 1990இலிருந்து பொருளாதாரத் தடை. சோப், பற்றரி, மண்ணெண்ணெய் எல்லாம் தட்டுப்பாடு, உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை மறுபடி திறபட 2002 ஆனது. அப்படிக் காலம் கழித்த மனுசிக்கு ஒரு சோப்பைக் கரைக்க மனம் வருமா? ஆனால் அதே மாமிதான் இன்னொன்றும் சொல்லுவா. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பார்களாம். செய்திக்காகத்தான் சுற்றுவது என்று பெரியவர்கள் சொல்லுவார்களாம். செய்தி முடிந்த பிறகும் பாட்டுக்காக இன்னும் கொஞ்ச நேரம் சுற்றச் சொல்லி மாமி தம்பிக்குப் பனங்கட்டித் துண்டு குடுப்பாவாம். செல் விழுகிற ஊரில் ஒரு பாட்டுக்காக ஒருவன் கைநோகச் சுற்றியிருக்கிறான். வயிறு நிறைந்த பிறகுதான் மனுசருக்கு இதெல்லாம் தேவை என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்லுவார்களோ.

என்னுடையதைக் கேட்டால், பெரும்பாலானவை காசே இல்லாதவை. கோட்டையில் வேலை முடிந்து வருகிறபோது முதல் வருகிற ட்ரெயினை விட்டுவிடுவேன். கந்தோர் சனம் முழுக்க அதில் ஏறிப் போகும், மூச்சுவிட இடமிருக்காது. அடுத்ததில் வலப்பக்க ஜன்னல் கிடைக்கும். கொம்பனித்தெரு தாண்டக் கடல் வந்துவிடும், பிறகு வெள்ளவத்தை வரைக்கும் அது என்னுடையது. ஆடி மாதத்துக் கடலென்றால் தூவானம் முகத்தில் அடிக்கும், கண்ணாடி உப்புப் படியும். வீட்டில் "ஏன் லேட்?" என்றால் "ட்ரெயின் லேட்" என்பேன். இந்த நாட்டில் அதை ஒருவரும் சந்தேகிப்பதில்லை.

அப்பாவுக்கு ஞாயிறு வீரகேசரி. மற்றவர் கை படமுதல் அவர்தான் விரிக்க வேண்டும். யாராவது சினிமாப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அதேபோல மடித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பிறகு அன்று முழுக்க முகம் சரியில்லை. போனில் சும்மா வாசிக்கலாமே என்று பேரப்பிள்ளைகள் சொல்லுகிறார்கள். அவர் பதில் சொல்வதில்லை, அடுத்த பக்கத்தைச் சத்தமாகத் திருப்புவார்.

ஒரு இடத்தில் மட்டும் நான் இறுக்கம். தன் சின்னச் சந்தோசத்தை இன்னொருவரின் தட்டிலிருந்து எடுக்கிறவருக்கு இந்தப் பதிவைக் காட்டி நியாயம் தேட வேண்டாம். பிள்ளையின் ரியூஷன் காசு கட்டப்படாமல் கிடக்க, வெள்ளிக்கிழமைப் போத்தல் மட்டும் தவறாமல் வருகிற வீடுகள் இருக்கின்றன. அங்கே போத்தலுக்கு ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை, மனுசி மல்லிகைச் சரம் வாங்கினால் கேட்கிறார்கள். கடன் அட்டையில் மாதத் தவணைக்கு எடுக்கிற பெரிய போனையும் நான் சேர்க்கவில்லை. அது மேசையில் பின்பக்கச் சின்னம் மேலே தெரிய வைப்பதற்கு, அதுவும் ஊர் பார்க்கிற பக்கம்தான்.

அம்மாமாரைப் பற்றி எழுதுகிற பதிவுகளிலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. "எங்கட அம்மாவுக்குப் பாணில ஓரந்தான் விருப்பம்" என்று எழுதுவார்கள், கீழே நூறு பேர் கண்ணீர்விடுவார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய், வீட்டில் தனிய இருக்கிற அந்த அம்மா இப்போதும் ஓரத்தைத்தான் சாப்பிடுகிறாவா, அல்லது நடுப்பகுதியை எடுத்து மாஜரீன் பூசிச் சீனி தூவிச் சாப்பிடுகிறாவா என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? தனக்கென்று எதையும் எடுக்காத பெண்ணைப் புகழ்ந்து புகழ்ந்தே, எடுக்கிற பெண்ணை லிப்ட்டுக்குள் வைத்துக் கதைக்கிற ஆட்களாகிவிட்டோம்.

அடுத்த மாதம் சொந்தத்துக்குள் ஒரு சாமத்தியவீடு. அழைப்பிதழே ஒரு பெட்டிக்குள் வந்தது. பம்பலப்பிட்டியில் மண்டபம், சாறிக்கு இன்ன நிறம் என்று வட்ஸ்அப்பில் அறிவித்தலும் வந்துவிட்டது. போவேன், பிள்ளையை வாழ்த்துவேன், என்வலப்பும் குடுப்பேன். புதுச் சாறி மட்டும் எடுக்கப் போவதில்லை. போன வருடம் கட்டினதென்று யாராவது கண்டுபிடித்தால் பிடிக்கட்டும். மிச்சம் வருகிற காசில் என்ன செய்யப் போகிறேன் என்பதை இங்கேயும் எழுதப் போவதில்லை.