கடைசி கோல் சைமன் சுந்தர்ராஜ் அடித்தது

கால்பந்து வீரர் பி.கே.பானர்ஜியைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக அவர் அடித்த கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் என்று வருகிறது. அது சரியில்லை. 1-1 என்று முடிந்த அந்த ஆட்டத்துக்கு அப்புறம் பெருவுடன் ஒரு ஆட்டம் இருந்தது. 3-1 என்று தோற்றோம், ஆனால் அந்த ஒற்றை கோலை ஆட்டம் முடியும் நேரத்தில் அடித்தவர் நம்ம ஊர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ். அதன் பிறகு இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை என்பதால் கடைசி கோல் இன்றுவரை அவருடையதுதான். பானர்ஜியின் பயிற்சியாளர் வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. சைமனும் பயிற்சியாளராகச் சாதித்தவர்தான். 1973-ல் மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபியைக் கேரளா முதல்முறையாக வென்றபோது அவர்தான் பயிற்சியாளர். எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்றார்கள், மூன்றும் கேப்டன் மணி அடித்தவை. அங்கே இன்றும் அதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். இங்கே வியாசர்பாடியில் என் மகனோடு பந்தாடும் பையன்களிடம் கேட்டால், மெஸ்ஸி எந்தக் காலால் ஃப்ரீ கிக் அடிப்பார் என்று பட்டென்று சொல்கிறார்கள், சைமன் பெயரை ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை. தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள், அவரைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள்.