பாலையாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்

நாகேஷ் பற்றிய உங்கள் கட்டுரையில், காதலிக்க நேரமில்லை (1964) படத்தில் அவர் கதை சொல்லும் காட்சியைப் புகழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் எதிரில் உட்கார்ந்து கதை கேட்ட டி.எஸ். பாலையா பற்றி ஒரு வரிகூட இல்லையே! அந்தக் காட்சியில் அவருக்கு வசனம் ரொம்பக் குறைவு. மிரண்டு விழிக்கும் அந்தக் கண்களும், பயத்தில் கோணிப்போகும் முகமும்தான் நாகேஷ் சொல்லும் பேய்க்கதையை நம்மையும் நம்பவைக்கின்றன. அவர் பயப்படாவிட்டால் நமக்குச் சிரிப்பு ஏது?

1936-இல் சதி லீலாவதியில் தொடங்கியவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். வில்லன், நகைச்சுவை, குணச்சித்திரம் எதைக் கொடுத்தாலும் வெளுத்து வாங்கினார். திருவிளையாடலில் ஹேமநாத பாகவதராக வந்து 'ஒரு நாள் போதுமா' பாடும்போது, குரல் பாலமுரளி கிருஷ்ணாவுடையது என்பதே மறந்துபோகும். அந்த மமதை, தலையசைப்பு, சபையை அலட்சியமாக அளக்கிற பார்வை! அப்புறம் மதுரையை விட்டே கிளம்பும்போது அதே மனிதரின் முகத்தைப் பாருங்கள், சுருங்கிப் போயிருக்கும்.

தில்லானா மோகனாம்பாளில் தவில்காரர். சிவாஜி நாதஸ்வரம் வாசிக்க, பக்கத்தில் இவர் தோளும் கையும் தாளத்தோடு ஆடுவதைப் பார்த்தால் பரம்பரைத் தவில் வித்வான் என்றே தோன்றும். சிவாஜியை விட்டுவிட்டு இவரையே பார்ப்பதற்காக அந்தக் கச்சேரியைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன்.

1972-இல் மறைந்துவிட்டார். நாகேஷுக்கு எழுதியதுபோல் இவருக்கும் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள் ஐயா. அதில் பாமா விஜயம் படத்து அப்பாவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.