அணு எரிபொருள் ரயிலும் மாநில அரசுகளும்

அமெரிக்காவில் பயன்படுத்திய அணு எரிபொருளை, வழியிலுள்ள மாநிலங்களுக்கே சொல்லாமல் ரயிலில் கொண்டுபோகிறார்கள் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பயம் தரும் செய்தி. ஆனால் உண்மை அப்படி இல்லை.

அங்குள்ள அணு ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் (NRC) விதிப்படி, ரயில் கடக்கும் ஒவ்வொரு மாநிலத்தின் ஆளுநருக்கும் அல்லது அவர் நியமித்தவருக்கும் எழுத்தில் முன்னறிவித்தல் போக வேண்டும். தபாலில் என்றால் குறிப்பிட்ட சில நாள் முன்னதாக அனுப்பியிருக்க வேண்டும். வேறு வழி என்றாலும் சில நாள் முன்னதாகவே கையில் கிடைத்திருக்க வேண்டும். நேரம் 6 மணித்தியாலத்துக்கு மேல் மாறினால் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

குழப்பம் வருவது இங்கேதான்: புறப்படும் நேரமும் மாநிலத்துக்குள் நுழையும் நேரமும் தனித் தாளில் போகும். ரயில் நுழைந்து குறைந்தது 10 நாள் ஆகும்வரை அந்தத் தாளை வெளியிடக்கூடாது. ஆகவே பத்திரிகையில் வரவில்லை என்பதற்காக மாநிலத்துக்குத் தெரியாது என்று முடிவுகட்ட முடியாது.

இதைக் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தே சரிபார்க்கலாம். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் 10ஆம் விதிக்கோவை, பிரிவு 73.37 (ஆங்கிலத்தில் 10 CFR 73.37) என்று தேடி, 'பி' (b) உட்பிரிவின் 2ஆம் பந்தியை வாசியுங்கள்.