“கடைசிப் பகா எண்” எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை

“உலகின் கடைசிப் பகா எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள், இதற்கு மேல் பகா எண்ணே கிடையாது” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு. (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய முழு எண்ணே பகா எண்.)

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது, இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண். 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் அது கிடைக்கும். அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. பெரிய பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வலர் திட்டத்தில் லூக் டுரான்ட் கண்டறிந்தது அது. “அறியப்பட்டவற்றுள்” என்ற சொல்லை விட்டுவிட்டுப் பகிர்ந்ததுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம்.

பகா எண்களுக்கு முடிவில்லை என்பதைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். அந்த அழகான வாதத்தைப் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளலாம். உங்களிடம் உள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கி 1-ஐக் கூட்டுங்கள். வரும் எண்ணை அவற்றுள் எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆகவே அதன் பகாக் காரணி உங்கள் பட்டியலில் இல்லாத புதிய எண்ணாகத்தான் இருக்க வேண்டும். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி 1-ஐக் கூட்டினால் 30,031. அது பகா எண் அல்ல. ஆனால் அதன் காரணிகளான 59, 509 இரண்டும் பட்டியலுக்கு வெளியே இருப்பவை.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணாவது உண்டு என்று 1852-இல் ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ் நிறுவினார். புதிய சாதனை எண்ணுக்கும் இது பொருந்தும்.

அதே செய்தியில், “அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்தான்” என்றும் எழுதியிருக்கிறார்கள். அதுவும் சரியல்ல: 11 பகா எண், 2-இன் 11-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 2,047, 23-ஐ 89-ஆல் பெருக்கினால் கிடைப்பது.